கயிறு கட்டாத மிதவை

வானிலை மையத்தில் அவளுக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. அறைக் கதவில் பலகையாகத் தொங்குகிறது. யாரும் அதைப் படிப்பதில்லை, எல்லோருக்கும் அவள் சைரன்தான். பெயர் வைத்தவன் கூடப் பிறந்த தம்பி. அடுப்பை அணைச்சியா, கதவைப் பூட்டினியா, படகுல லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கு, எண்ணிப் பாத்தியா என்று விடிந்ததிலிருந்து ஊதிக்கொண்டே இருக்கும் அக்காவுக்கு அவனும் வேறு என்ன பெயர்தான் வைப்பான்? ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவன், வரவேற்பறையில் நின்றுகொண்டு, "சைரன் அக்கா எந்த மாடியில இருக்காங்க?" என்று கேட்டுத் தொலைத்தான். அன்றோடு மானம் கப்பலேறிவிட்டது.

அவளுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் அவள். ஊரில் மற்றவர்கள் சும்மா பயப்படுகிறார்கள், இவள் கணக்குப் போட்டுப் பயப்படுகிறாள். அவ்வளவுதான் வித்தியாசம். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பியைப் படிக்க வைக்கப் பார்த்தாள். அவன் படிப்பை எட்டாவதோடு மூட்டை கட்டிவிட்டுக் கடலுக்குப் போனான். இப்போது சொந்தப் படகு, ஒரு மனைவி, நான்கு ஆட்கள். எல்லோரும் ஒரே வீடு. கீழே தம்பி குடும்பம், மாடி அறையில் அக்கா.

அவள் வேலை பார்க்கும் அறையிலிருந்து கடல் தெரியாது. ஜன்னலைத் திறந்தால் வண்டிகள் நிற்கும் இடமும் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும்தான். சுவர் முழுக்கத் திரைகள். மூலையில் ஏ.சி. சொட்டுச் சொட்டாக வாளிக்குள் ஒழுகிக்கொண்டிருக்கும். வாளியை யார் காலி செய்வது என்பது அந்த மாடியின் தீராத வழக்கு. இந்த அறையிலிருந்துதான் கடலில் இருக்கும் படகுகளுக்கெல்லாம் போ, நில், திரும்பு என்று சொல்வார்கள்.

"புயல் எல்லாம் ஏன்க்கா அந்தப் பக்கமே பொறக்குது?" என்று ஒருமுறை தம்பி கேட்டான். அவள் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். சும்மா இருப்பாளா? பாத்திரத்தைக் காட்டியே பாடம் எடுத்துவிட்டாள்.

"மேல ஆவி வருது பார். கடல் தண்ணியும் அப்படித்தான். இருபத்தாறு டிகிரிக்கு மேல சூடாச்சுன்னா ஆவி மூட்டை மூட்டையா ஏறும். மேல போய்க் குளிர்ந்து மேகமாகும்போது, தூக்கிட்டுப் போன சூட்டை அங்க இறக்கி வைக்கும். அந்தச் சூட்டுல காத்து இன்னும் மேல ஏறும். கீழ காலியாகும். காலியான எடத்துக்குச் சுத்துப்பட்டுல இருக்கற காத்தெல்லாம் ஓடி வரும். பூமி சுத்திக்கிட்டே இருக்கறதால ஓடி வர்ற காத்து நேரா வர முடியாம வளைஞ்சு வளைஞ்சு வரும். அந்த வளைவுதான் சுழல்."

"அப்போ பூமிக்கு நடுக்கோட்டுல இன்னும் சூடா இருக்குமே. அங்க ஏன் பொறக்கல?"

எட்டாவதோடு நிறுத்தியவன் கேட்கிற கேள்வியா இது என்று அவளுக்கு ஒரே பெருமை. "அங்க காத்தை வளைக்கற பலம் பூமிக்கு இல்லடா. நேரா வந்து பள்ளத்தை ரொப்பிடும். கோட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்தாத்தான் சுத்த ஆரம்பிக்கும். அதுவும், மேல காத்து ஒரு தினுசா கீழ காத்து ஒரு தினுசா அடிச்சா தலை வேற உடம்பு வேறயா பிஞ்சு போயிடும். அதுக்கும் நேரம் காலம் எல்லாம் கூடி வரணும்."

"நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரின்னு சொல்லு," என்றான் அவன். அவள் கரண்டியை எடுத்தாள். அவன் ஓடிவிட்டான்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது, அதுதான் முக்கியமானது. மேல் தண்ணீர் மட்டும் சூடாக இருந்தால் போதாது. புயல் போகிற இடமெல்லாம் கடலைக் கடைந்துகொண்டே போகும். அடியில் குளிர்ந்த தண்ணீர் இருந்தால் அது மேலே வந்து, அடுப்பில் தண்ணீர் தெளித்ததுபோல ஆகிவிடும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு புயல் படுத்துவிடும். அடியிலும் சூடு இருந்துவிட்டால் கதையே வேறு. கடையக் கடைய எரிபொருள்தான் மேலே வரும், சுண்டைக்காய்ப் புயல்கூட ஒரே நாளில் அரக்கனாக வளர்ந்துவிடும். ஆகவே புயல் வரும் வழியில் கடலின் அடிவயிறு எவ்வளவு சூடு என்று தெரிந்தாக வேண்டும். செயற்கைக்கோள் கடலின் மேல்தோலைத்தான் பார்க்கும். கடல் மட்டம் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று அளந்து ஆழத்தை ஊகிக்க வழியுண்டு, ஆனால் அப்படி அளக்கிற கோள் அந்தப் பக்கம் வந்து போக நாளாகும். நிச்சயமாகச் சொல்லக்கூடியது மிதவை ஒன்றுதான்.

நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிறுத்திய மஞ்சள் நிற மிதவை அது. அதன் அடியில் நீளமாக ஒரு கம்பிவடம் தொங்கும். வடத்தில் ஆழத்துக்கு ஆழம் வெப்பமானி. அவை அளந்ததை மிதவை அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடுகிற இடத்துக்குப் படகும் வரும். வந்த படகு மிதவையிலேயே கயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கும். தூண்டில் சிக்காமல் இருக்க, தொங்குகிற வடத்தையும் மேலே இழுத்துக் கட்டிவிடுவார்கள். அறுபது மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டிய வெப்பமானி அப்போது இருபது மீட்டரில் தொங்கும், மேல் தண்ணீரின் சூட்டை அடித் தண்ணீரின் சூடு என்று அனுப்பும். ஆழம் காட்டும் கருவி இருந்தால் இந்தக் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தக் கருவியோ இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்தது. புதிது போடக் கப்பல் கிடைக்கவில்லை.

மிதவையில் கட்டுவது குற்றம், பிடிபட்டால் படகின் உரிமம் போய்விடும். மிதவைகளைப் பராமரிக்கும் பொறியாளரை எல்லோரும் மிதவைக்காரர் என்பார்கள். கோபக்காரர். போனமுறை பழுது பார்க்கப் போனவர் ஒரு புகைப்படத்தோடு வந்தார். மிதவையின் இடுப்பில் கயிறு உராய்ந்த தடம், பக்கத்தில் கருநீலச் சாயம்.

"எவனோ நீலப் படகு. என் கையில மட்டும் மாட்டட்டும்," என்று பல்லைக் கடித்தார்.

அந்தக் கருநீலம் அவளுக்குத் தெரியும். வீட்டுக் கொல்லையில் கலக்கிய சாயம்தான் அது. மிஞ்சியதைத் தம்பி அவளுடைய மாடிக் கதவுக்கும் அடித்திருந்தான். அவள் மூச்சு விடவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் வெடித்தாள்.

"என் வேலைக்கு வேட்டு வைக்கறதுக்குன்னே பொறந்தியாடா நீ?"

"மீன் அங்கதானேக்கா இருக்கு."

"நீ இழுத்துக் கட்டறது என் கண்ணைடா. அது குருடாச்சுன்னா உனக்கே சங்கு."

அவன் தலையைச் சொறிந்தான். அவள் கையைப் பிடித்து அழுத்தி, இனிமேல் அந்தப் பக்கமே போகமாட்டேன், சத்தியம் என்றான். சத்தியம் அவனுக்கு மலிவான சரக்கு. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றும் சத்தியம் செய்திருந்தான். பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துவிட்டு அவன் சட்டையைத் துவைக்கப் போட்டவளும் அவள்தான்.

இதற்கு முந்தைய வருடம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு புயல் கிளம்பியது. பெரிதாகும் என்று இவள்தான் எழுதினாள். படகுகளெல்லாம் ஓடி வந்து துறைமுகத்தில் நெருக்கியடித்து நின்றன. புயலோ குளிர்ந்த தண்ணீரில் மாட்டிப் பாதி வழியிலேயே படுத்துவிட்டது. வெயில் பளிச்சென்று அடித்தது. மீனவர்கள் மையத்துக்குப் போன் செய்து, "அம்மா, புயலைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க, துணி காய வேண்டியிருக்கு" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை. அதிலிருந்து, ஊதுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிற சைரனாக மாறிப்போனாள்.

இந்த வருடம், தம்பி சத்தியம் செய்த பிறகு கிளம்பிய புயல் சிறியதுதான். காலைப் பணிக்கு வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் திரையைப் பார்த்தாள். மேகம் உருண்டு திரண்டிருந்தது. போகிற வழி மிதவைக் கடல், அதைத் தாண்டினால் கரை. மிதவைக் கடலில் மேல் தண்ணீர் முப்பது டிகிரி. அடியில்? வழக்கமாக அந்த மாதத்தில் அறுபது மீட்டரில் இருபத்து நான்கு இருக்கும். மிதவை இருபத்தெட்டு என்று அனுப்பியிருந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "கட்டிட்டான் பாவி," என்று வாய்விட்டே சொன்னாள். தம்பி கடலுக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. சத்தியமாவது ஒன்றாவது. வடத்தை இழுத்துக் கட்டிவிட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். இப்படித்தான் இதற்கு முன்பும் அளவு தாறுமாறாக வந்தது. அவன் கரைக்கு வந்ததும் அளவும் சரியாகிவிட்டது. தனக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை.

அந்த இருபத்தெட்டை நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கினாள். வழக்கமான இருபத்து நான்கை வைத்துக் கணித்தாள். மிதவைக் கடலில் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், புயல் வலுவிழக்கும், படகுகள் எச்சரிக்கையாக இருந்தால் போதும், திரும்ப வேண்டியதில்லை. எழுதி அனுப்பினாள். துறைமுக ஒயர்லெஸ்ஸிலும், நாளுக்கு ஒருமுறை மட்டும் வரும் ரேடியோ மீனவர் செய்தியிலும் காலைச் செய்தியாகப் போயிற்று.

மதியம் தம்பி மனைவி போன் செய்தாள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, யாரைக் கூப்பிடுவது என்று கேட்கத்தான். பேச்சோடு பேச்சாக, "இந்தத் தடவை அவர் வர இன்னும் ரெண்டு நாள் ஆகும் அண்ணி. ஐஸ் எல்லாம் டபுளா ஏத்திக்கிட்டுப் போனாரு," என்றாள்.

"டபுளா எதுக்கு?"

"மிதவைப் பக்கம் போகப் போறதில்லையாம். அதையும் தாண்டி ரொம்ப தூரம் போறேன்னாரு. நீங்கதான் திட்டினீங்களாமே. அக்காகிட்ட சத்தியம் பண்ணிட்டேன், மீறினா மூஞ்சில முழிக்க முடியாதுன்னாரு."

 மோட்டாருக்கு என்ன பதில் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது. போனை வைத்துவிட்டு அந்த இருபத்தெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பார்த்த அதே எண்தான். 

அவன் கட்டவில்லையென்றால் வடம் நேராகத் தொங்குகிறது. வடம் நேராகத் தொங்கினால் அறுபது மீட்டர் ஆழத்திலும் கடல் கொதித்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் புயல் படுக்காது, நாளைக்குள் ஊதிப் பெருக்கும். அவன் அந்த வழியில், மிதவைக்கும் அப்பால் இருக்கிறான். காலைச் செய்தியைக் கேட்டுவிட்டு, அக்காவே சொல்லிவிட்டாள் என்று நிம்மதியாக வலை வீசிக்கொண்டிருப்பான்.

துறைமுக ஒயர்லெஸ்காரரைக் கூப்பிட்டாள். "நீலப் படகு எங்க இருக்குன்னு சொன்னான்?"

"நேத்து சாயந்திரம் பேசினான்மா. மிதவையைத் தாண்டியாச்சுன்னான். அதுக்கப்புறம் சத்தமே இல்ல, எட்டாத தூரம் போயிட்டான் போல."

"தாண்டியாச்சுன்னு நெசமா சொன்னானா?"

ஒயர்லெஸ்காரர் சிரித்தார். "என்னம்மா புதுசா கேக்கறீங்க? எந்தப் படகுக்காரன் ஒயர்லெஸ்ல நெசமான எடத்தைச் சொல்லுவான்? சொன்னா மத்தவன் பின்னாடியே வந்து மீனை வழிச்சுட்டுப் போயிடுவான். வடக்க நின்னா தெக்கன்னுவாங்க. தாண்டியாச்சுன்னா மிதவையில கட்டிக்கிட்டு ஜம்முனு நிக்கறான்னும் அர்த்தம்."

இதைக் கேட்டு அவளுக்கு வந்ததே ஓர் ஆறுதல்! சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கடவுளே, அவன் பொய் சொல்லியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மனைவியிடம் சொன்னது பொய், ஒயர்லெஸ்ஸில் சொன்னது பொய், என்னிடம் செய்த சத்தியமும் பொய் என்று ஆகட்டும். அவன் கட்டியிருந்தால் எண் தப்பு, புயல் படுத்துவிடும், பயல் மீனோடு வந்து சேர்வான், செவிட்டில் ஒன்று விடலாம். அவன் யோக்கியனாக இருந்தால்தான் ஆபத்து. தம்பி யோக்கியனாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட அக்கா உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வேண்டிக்கொண்டே இருந்தால் ஆகுமா? இயக்குநரின் அறைக்குப் போனாள். மிதவைக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"சார், காலைச் செய்தியை மாத்தணும். படகு எல்லாத்தையும் உடனே திரும்பச் சொல்லணும்."

இயக்குநர் நிதானமான மனிதர். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "புதுசா அளவு ஏதாவது வந்துதா?"

"இல்ல சார். காலையில தள்ளின இருபத்தெட்டு சரியான அளவுதான்னு தோணுது."

"வடத்தை எவனோ இழுத்துக் கட்டியிருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கட்டலைன்னு நினைக்கறேன்."

"நடுக்கடல்ல யார் கட்டினா யார் கட்டலைன்னு இங்க உக்காந்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 பக்கத்தில் மிதவைக்காரர். நெருப்பை இத்தனை நாள் மடியிலேயே கட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் அவிழ்க்காமல் முடியாது.

"நீலப் படகு என் தம்பியோடது சார். இதுவரைக்கும் வடத்தை இழுத்தவன் அவன்தான். ஒவ்வொரு தடவை அளவு கெட்டபோதும் அவன் கடல்ல இருந்தான். எனக்குத் தெரியும், நான் சொல்லல."

மிதவைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஒவ்வொரு தடவையுமா? அடிப்பாவி! நான் கப்பல் கப்பலா ஏறி எறங்கினேன். அந்தப் போட்டோவை உன்கிட்டதானே முதல்ல காட்டினேன்?"

"ஆமா."

"பக்கத்துலயே நின்னு அய்யோ பாவம்னியே!"

"சொன்னேன். தப்புதான். உரிமத்தைப் பிடுங்கணும்னா பிடுங்குங்க. என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆனா அப்புறம் செய்யுங்க. இந்தத் தடவை கட்டமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிட்டுப் போயிருக்கான். தாண்டிப் போறேன்னு பொண்டாட்டிகிட்டயும் சொல்லியிருக்கான். அவன் கட்டலைன்னா யாருமே கட்டல. அப்போ அந்த இருபத்தெட்டு நெசம்."

  இயக்குநர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உங்க தம்பியோட சத்தியத்தை நம்பி நான் ஒரு கடலையே காலி பண்ணச் சொல்லணும், அப்படித்தானே? போன வருஷம் நடந்தது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"நீங்க அவனை நம்பறீங்களா?"

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இல்லை சார், அவன் பொய்யன், சிகரெட்டிலேயே பொய் சொன்னவன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் செய்தி மாறாது, தம்பியும் மிதவையில் பத்திரமாகக் கட்டிக்கொண்டு நிற்பான், குறைந்தபட்சம் அவள் மனத்திலாவது நிற்பான். நம்புகிறேன் என்று சொன்னால் அந்த வாய்ச் சொல்லாலேயே அவனைப் புயலுக்குள் தள்ளியதுபோல ஆகிவிடும். சிறுவயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, நான்தான் உடைத்தேன் என்று வந்து நின்ற முகம் நினைவுக்கு வந்தது. சின்ன விஷயத்தில் நூறு பொய் சொல்லுவான். கையைப் பிடித்து அழுத்திச் சொன்னதை அவன் ஒருநாளும் மீறியதில்லை. அவளுக்கு அது தெரியும்.

"நம்பறேன் சார்," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

மிதவைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இயக்குநர் கண்ணாடியை மாட்டினார். "எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

செய்தி மாறியது. எல்லாப் படகுகளும் உடனே திரும்ப வேண்டும், புயல் வேகமாக வலுவடையும். ஒயர்லெஸ்காரர் தொண்டை வற்றக் கூவினார். எட்டாத தூரத்துப் படகுகளுக்காகத் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பல்களுக்குத் தகவல் போனது. மிதவைக்கு அப்பால் ஒரு நீலப் படகு, ஐந்து பேர், கண்டால் எச்சரிக்கவும். அந்த வரியை மட்டும் மிதவைக்காரரே சேர்த்து எழுதினார். எந்த நீலம் என்று கேட்பார்கள் என்று புகைப்படத்தையும் இணைத்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலத்திலிருந்து படகுகள் வரத் தொடங்கின. சிலர் போன் செய்து, காலையில ஒண்ணு மத்தியானம் ஒண்ணா, உங்க சைரனுக்கு என்ன ஆச்சு என்று சலித்துக்கொண்டார்கள். தம்பி மனைவி துறைமுகத்தில் போய் நின்றாள். "அண்ணி, நீலப் படகு தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். எல்லாம் சாம்பலாவே தெரியுது," என்றாள். வீட்டுக்குப் போ என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அந்த இரவு எப்படிப் போனது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. விடிந்தபோது புயலுக்குக் கண் திறந்துவிட்டது. திரையில் அது வட்டமாக, சுத்தமாக, ஊசி போட்டுக் குத்தியதுபோலத் தெரிந்தது. கண் திறந்த புயல் முழுசாக வளர்ந்த புயல். பணி மாற்றத்துக்கு வந்த ஒருவர், "அடேயப்பா, கரெக்டா சொல்லிட்டீங்களே! நேத்து மாத்தலைன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று கையை நீட்டினார். அவள் கை கொடுக்கவில்லை. புயலின் கண் இருக்கும் இடத்தையும் அவன் இருக்கக்கூடிய இடத்தையும் விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு விரற்கடைதான் இருந்தது. அடுத்தமுறை பார்த்தபோது மூன்று.

வேலை மட்டும் நிற்கவில்லை. காற்றின் வேகம் ஏறுகிறது, எழுது. அலை உயருகிறது, எழுது. தன் கணிப்பு சரி என்று ஒவ்வொரு செய்தியிலும் அவளே நிரூபித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செத்தாள். யாரோ டீ கொண்டு வந்து வைத்தார்கள், ஆறிப்போய் ஆடை கட்டியது. மிதவைக்காரர் எழுந்து போய் வாளியைக் காலி செய்துவிட்டு வந்தார்.

மத்தியானத்துக்கு மேல் தொலைபேசி அடித்தது. எடுத்த இயக்குநர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவளிடம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாங்கக் கை வரவில்லை. மிதவைக்காரர்தான் அவள் தோளைத் தொட்டு, "பேசும்மா," என்றார்.

"அக்கா?"

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"அக்கா, நான்தான். கப்பல்ல இருக்கோம். வேற துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

"எல்லாருமா?"

"அஞ்சு பேரும். ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. படகுதான்க்கா போச்சு. விடியக்காலையில இன்ஜின்ல தண்ணி ஏறிடுச்சு. கயித்து ஏணி போட்டு எங்களைத் தூக்கினாங்க. திரும்பிப் பாக்கறதுக்குள்ள அது கவுந்துடுச்சு." மூக்கை உறிஞ்சினான். படகுக்காக அழுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. "நீலப் படகைத் தேடுன்னு யாரோ சொன்னாங்களாம், அதனாலதான் கப்பல்காரங்க எங்களைப் பாத்தாங்களாம். அக்கா, இன்னொண்ணு. நான் மிதவையில கட்டல. கிட்டகூடப் போகல. நீ சொன்னபடியே தாண்டிப் போயிட்டேன்."

நல்ல பிள்ளை என்று அவள் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

பூசி மெழுகிவிட்டுப் போயிருக்கலாம். அவளால் முடியவில்லை. "நீ கட்டிட்டேன்னு நினைச்சேன்டா," என்றாள்.

"என்னது?"

"நேத்து காலையில மிதவை சரியாத்தான் சொல்லுச்சு. நீ கட்டிட்டேன்னு நினைச்சு நான்தான் அதைத் தூக்கிப் போட்டேன். புயல் படுத்துடும்னு எழுதினேன். மத்தியானம்தான் உன்னை நம்பினேன்."

அந்தப் பக்கம் அலையும் இயந்திரமும் சேர்ந்து இரைந்தன. அவன் கேட்டானா, தொடர்பு அறுந்துவிட்டதா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"ரேடியோவுல காலைச் செய்தி கேட்டோம்க்கா," என்றான் கடைசியில். "திரும்பிடலாம்னு பசங்க சொன்னாங்க. எங்கக்கா எழுதினது, தப்பா இருக்காதுன்னு நான்தான் நிறுத்தி வச்சேன்."

"காலையிலயே நான் நம்பியிருந்தா படகும் இருந்திருக்கும்டா."

அப்படியெல்லாம் இல்லைக்கா என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. வீட்டுல அவகிட்ட சொல்லிடு, பயந்துக்கிட்டு இருப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் கப்பல்காரரிடம் கொடுத்தான்.